நம் பிள்ளைகளும் அறிவியலும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஐம்பது ஆண்டுகள்

சங்கத்தின் தோற்றம், கட்டட நிதி, பொறுப்பாளர்கள், நோன்புக் கஞ்சி ஏற்பாடு என்று ஒவ்வொன்றைப் பற்றியும் இந்தப் பொன்விழா மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட பொருள் இளையோரும் அறிவியலும். பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி பெட்ரோசைன்ஸுக்கு அழைத்துப்போய் வந்ததைத் தவிர இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் சற்றுப் பின்னே போய்.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், கீழக்கரைப் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்தது கடல் வழியாக. பாய்மரக் காலத்து மரக்காயர்களுக்குப் பருவக்காற்று, நீரோட்டம், வானத்து மீன்கள் ஆகிய மூன்றும் தொழிலறிவு. பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று போய்வந்து கொண்டிருந்தது. அதில் வந்திறங்கியவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கப்பலில் பயணியாக வந்தவருக்கு வானம் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. மஸ்ஜித் இந்தியாவிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை வைத்தவருக்குக் கணக்கு தெரிந்தால் போதும் என்ற நிலை வந்தது. பிள்ளையும் படித்துவிட்டு, அல்லது படிப்பை நிறுத்திவிட்டு, கல்லாவுக்கு வருவான் என்பதே வழக்கம்.

எழுபதுகளில்தான் அது ஆட்டம் கண்டது. போர்ட் சுவெட்டன்ஹம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. அதையொட்டிய ஆண்டுகளில் சுங்கைவேயில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் அறிவியல் பிரிவிலும் நாற்பது பேர் கலைப்பிரிவிலும் படிக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் குறிக்கோளானது. அறிவியல் படித்தால் வேலை என்ற எண்ணம் வீடுகளுக்குள் வந்தது அப்போதுதான். நம்முடையதைப் போன்ற சங்கங்கள் பல பிறந்ததும் அந்தக் காலத்தில்தான்.

ஆனால் அறிவியல் நம் வீட்டுக்குள் வந்த வடிவம் தேர்வு. 1988இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அறிமுகமானபின் சங்கங்கள், பள்ளிவாசல் மண்டபங்கள், கோயில் மண்டபங்கள் எல்லாவற்றிலும் வார இறுதி வகுப்புகள் நடந்தன. அவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கட்டணம் கட்ட முடியாத எத்தனையோ பிள்ளைகள் அந்த மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்துதான் பல்கலைக்கழகம் வரை போனார்கள். அங்கே அறிவியல் என்பது விடைத்தாளில் எழுதும் ஒன்றாக மட்டும் இருந்தது என்பதும் உண்மை. ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்று எழுதிய பிள்ளை, அதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு பிடி3 தேர்வும் போயிற்று. முப்பது ஆண்டுகளாகச் சங்கங்களின் கல்விப் பிரிவுகளுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த காரணம் சட்டென்று இல்லாமல் போனது. அந்த இடத்தில் எதை வைப்பது என்று இன்னும் நாம் முடிவு செய்யவில்லை. இந்தக் கட்டுரை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

தொண்ணூறுகளில் தலைநகர் நமக்கு மூன்று பெரிய வாசல்களைத் திறந்துவிட்டது. 1994இல் ஏரிப் பூங்கா அருகே குன்றின்மேல் நீலக் குவிமாடத்துடன் தேசியக் கோளரங்கம். 1996 நவம்பரில் புக்கிட் கியாராவில் தேசிய அறிவியல் மையம். 1999இல் இரட்டைக் கோபுரத்தின் அடியில் பெட்ரோசைன்ஸ். சுற்றுலா என்றால் கேமரன் மலை அல்லது போர்ட்டிக்சன் என்றிருந்தது மாறி, அறிவியல் சுற்றுலா என்ற சொல் நம் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. நல்ல மாற்றம்தான். எண்ணெய்த் துளி போன்ற வண்டியில் ஏறி இருட்டுக்குள் போனதைப் பிள்ளைகள் இன்றும் சொல்வார்கள், கூடவே பஸ்ஸில் கொடுத்த நாசி லெமாக்கையும். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் போய்வருவதில் ஒரு குறை உண்டு. அங்கே எல்லாப் பொருளும் யாரோ செய்துவைத்தவை. பொத்தானை அழுத்தினால் அது தன் வேலையைக் காட்டும். வீட்டுக்கு வந்தபின் அழுத்துவதற்கு எதுவும் இருக்காது.

அடுத்து 2007. அந்த ஆண்டை நம் குடும்பங்கள் இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்கும். ஜூலையில் அப்துல் கலாம் இந்தியக் குடியரசுத் தலைவர் பதவியை நிறைவு செய்தார். அக்டோபர் 10ஆம் நாள் டாக்டர் ஷேக் முஸாபர் சுக்கோர் சோயூஸ் விண்கலத்தில் ஏறி அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனார். 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்த அந்தத் தேர்வில் கடைசி நால்வரில் ஒருவர் சிவ வனஜா என்ற நம் நாட்டுப் பெண் பொறியாளர் என்பதையும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் போனது நோன்பு மாதத்தின் கடைசியில். பெருநாள் அங்கேயே வந்தது. நிலையம் பூமியை ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஒரு நாளில் சூரியன் பதினாறு முறை உதிக்கும். அப்படியானால் எந்த சுபுஹுக்குத் தொழுவது, எந்தப் பக்கம் திரும்புவது? அறிஞர்களும் விண்வெளித் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார்கள். நேரத்துக்கு, புறப்பட்ட இடத்தின் நேரம். திசைக்கு, முடிந்தால் கஃபா, இல்லையென்றால் அதற்கு நேர் மேலுள்ள வெளி, இல்லையென்றால் பூமி, அதுவும் முடியாதென்றால் இயன்ற திசை.

அந்த மாதத்தில் நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எண்ணிப் பாருங்கள். எந்தச் சொற்பொழிவும் எழுப்பாத கேள்விகள் அவை. பாடநூல் திடீரென்று தொழுகை விரிப்புக்கு வந்துவிட்டது. பிள்ளையின் அன்றாட வாழ்வில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றிலிருந்து கிளம்பும் கேள்விதான் நிற்கும் என்பதை நான் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டுப் பக்கமும் இதையே காட்டுகிறது. இராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் விளக்கிவிட்டு, பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் மாலையில் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவைகளையே காட்டினார். அன்று தன் வாழ்க்கைக்கு ஒரு திசை கிடைத்தது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கலாமின் படத்தை நாம் மண்டபத்தில் மாட்டிவைத்தோம். அந்தக் கடற்கரை நடையை எத்தனை பேர் செய்து பார்த்தோம்?

1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதைச் செய்தது. 1987இல் சிறுவர்களுக்கென்றே ‘துளிர்’ இதழைக் கொண்டுவந்தது. 1993 முதல் இந்தியா முழுதும் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊரின் ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து, தங்கள் மொழியிலேயே முன்வைக்கிறார்கள். ஊர்க் கிணற்றின் நீர், தெருக் குப்பை, வீட்டு அடுப்பு, எதுவாகவும் இருக்கலாம்.

இங்கேயும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். 2000களில் தொடங்கி, அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கத்துக்கான சங்கம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் விழாவை நடத்திவருகிறது. அதன் தலைவராக இருந்து உழைத்தவர் டாக்டர் முகமது யூனுஸ் யாசின். பள்ளியில் தொடங்கி மாநிலம், பிறகு தேசிய நிலை என்று படிப்படியாகப் போகும் விழா அது. பெரும்பாலான வேலை பள்ளியிலேயே, ஆசிரியர் மேற்பார்வையில், பிள்ளைகளின் கையாலேயே நடக்கிறது. அந்தக் காலகட்டத்தில்தான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளுக்குப் போய்ப் பதக்கம் வாங்கிவரும் செய்திகள் வரத் தொடங்கின. கெடாவின் ஹாவர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் 2017இல் லண்டனில் தங்கம் பெற்றார்கள். பெரிய அறிவியல் மையம் எதுவும் அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இல்லை.

நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மில் கணிசமானோர் பிள்ளைகளைத் தேசியப் பள்ளிக்கு அனுப்புகிறோம். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி விழா கிடைப்பதில்லை. அவர்களுக்கு நிழல் என்றால் பாயாங், ஒளி என்றால் சஹாயா. பாட்டியிடம் அதைச் சொல்ல அவர்களிடம் சொல் இல்லை. மேலும் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின, 2012 முதல் படிப்படியாகப் பழையபடி தாய்மொழிக்கும் மலாய்க்கும் திரும்பின, 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மொழியிலும் தம்பி வேறு மொழியிலும் அறிவியல் படித்த நிலை. இதற்கு யாரைக் குறை சொல்வது என்று நான் இங்கே பேசவரவில்லை. பள்ளி எந்த மொழியில் நடத்தினாலும், வீட்டு மொழியில் ஒரு சோதனையைச் செய்து பார்க்க இடம் தரக்கூடியது சங்க மண்டபம் ஒன்றுதான்.

அந்த மண்டபத்தில் நாம் அதிகம் செய்தது பெருமை பேசியது. இப்னு ஸீனா, அல் குவாரிஸ்மி, இப்னுல் ஹைஸம் என்று பெயர்களை அடுக்கினால் கைதட்டல் உறுதி. 2015ஐ ஐ.நா. அனைத்துலக ஒளி ஆண்டாக அறிவித்தபோது இப்னுல் ஹைஸமின் ஒளியியல் நூலுக்கு ஆயிரம் ஆண்டு என்று உலகமே பேசியது. அவர் ஆராய்ந்த இருட்டறைத் தத்துவத்தைப் பார்க்க ஒரு காலி மைலோ டின் போதும். அடியில் ஆணியால் ஒரு சிறு துளை, திறந்த வாயில் எண்ணெய்க் காகிதம், வெளிச்சம் படாமல் தலையைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி. துளையை வெயில் படும் தெருவை நோக்கித் திருப்பினால் தெங்கு கிளானா சாலையே தலைகீழாகக் காகிதத்தில் நடக்கும். ஒளி நேர்க்கோட்டில் செல்வதால்தான் மேலே உள்ளது கீழே விழுகிறது என்பதை அதற்குப் பிறகு யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. 2019 டிசம்பர் 26 சூரியகிரகணத்தன்று, தமிழ்நாட்டின் சில மாவட்டங்களிலும் சிங்கப்பூரிலும் வளையமாகத் தெரிந்த சூரியன் இங்கே பிறையாகத் தெரிந்தது. அன்று ஓட்டை போட்ட வடிதட்டை வெயிலில் பிடித்திருந்தால் தரையில் நூறு பிறைகள் விழுந்திருக்கும். 2027 ஆகஸ்ட் 2இல் மக்கா நகரின்மீதே முழுக் கிரகணம் வருகிறது. நாம் தொலைக்காட்சியில்தான் பார்ப்போம். ஆனாலும் மைலோ டின் செய்ய அது நல்ல சாக்கு.

நம் தொழிலிலேயே இருக்கும் அறிவியலையும் நாம் மதிக்கவில்லை. தே தாரிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அதை ஆற்றுதல் என்போம். அந்தச் சொல்லிலேயே சூட்டைத் தணிப்பது இருக்கிறது. ஒரே சூட்டில் இரண்டு குவளைத் தேநீர். ஒன்றை மேசைமேல் வையுங்கள், மற்றொன்றைப் பத்து முறை ஆற்றுங்கள், இரண்டிலும் வெப்பமானியை விடுங்கள். ஆற்றியது ஏன் அதிகம் குளிர்ந்தது? நீளமாக இழுக்கப்பட்ட தேநீரின் மேற்பரப்பு பெரிதாகிறது. அங்கிருந்து ஆவி எழும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. நுரை எங்கிருந்து வந்தது? விழும் தேநீர் காற்றை உள்ளே இழுத்துச் செல்கிறது. பாலிலுள்ள புரதம் அந்தக் குமிழியைப் பிடித்துவைக்கிறது. எந்த உயரத்தில் நுரை அதிகம், பால் இல்லாத தேநீரில் நுரை நிற்குமா என்று பிள்ளைகள் தாங்களே அடுத்த சோதனைக்குப் போய்விடுவார்கள். (சின்னப் பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பான நீரே போதும், கொதிக்கும் தேநீரைப் பெரியவர்கள் ஆற்றட்டும்.) ரொட்டி சானாய் மாவை எண்ணெயில் ஊறவைத்தால்தான் வீசும்போது கிழியாமல் விரிகிறது. ஏன் என்று கேட்டால் மாவிலுள்ள பசைப்புரதம் தளர நேரம் வேண்டும் என்பது விடை. இதைக் கையால் அறிந்தவர்கள் நம் கடைகளில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சங்கத்தில் ஆசிரியராக நிற்கவைத்தால், தகப்பனின் தொழிலைப் பார்த்துக் கூச்சப்படும் பிள்ளைக்கும் அது வேறு மாதிரி தெரியும்.

கிள்ளானில் இருப்பவர்களுக்குக் கடல் பக்கத்திலேயே. பௌர்ணமிக்கும் பிறை பிறக்கும் நாளுக்கும் ஓரிரு நாள் கழித்துத் துறைமுகத்தில் நீர் ஏறி இறங்குவது மிக அதிகம்; ஏறத்தாழ நான்கு மீட்டர். அரைநிலா நாட்களில் அது குறைந்துவிடும். பிறை பார்க்கும் அதே பிள்ளை ஒரு மாதம் நீர்மட்டத்தையும் குறித்துவந்தால், இரண்டும் ஒரே நிலவின் வேலை என்று தானே கண்டுகொள்ளும். பிறையையும் அளக்கலாம். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் வானத்தில் ஏறத்தாழ ஒரு பாகை. மலேசியா, இந்தோனேசியா, புருணை, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் பிறைக்கான அளவுகோலைத் திருத்தி, அடிவானத்திலிருந்து குறைந்தது 3 பாகை, சூரியனிலிருந்து 6.4 பாகை என்று வைத்தன. மூன்று சுண்டுவிரல் உயரம்! கோல சிலாங்கூர் மலாவாத்தி குன்றில் ஏறி நின்று கையை நீட்டிப் பார்த்த பிள்ளைக்கு, பெருநாள் அறிவிப்புக்கு ஏன் அவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பது புரியும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒரு குச்சி. அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. சூரியன் எதையும் மாற்றவில்லை, ஆனால் கடிகாரத்தில் லுஹர் அரை மணி தள்ளிப்போயிற்று, மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் கடிகாரம் இன்று 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் இருப்பதோ 101.7இல். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். பதினெட்டுப் பாகைக்குச் சற்று மேலான வித்தியாசத்தைப் பெருக்கினால் 73 நிமிடம். அதனால்தான் ஊரில் பன்னிரண்டே கால் மணியளவில் வரும் உச்சிப்பொழுது இங்கே ஒன்றேகால் மணியளவில் வருகிறது. ஊருக்குப் போய்வரும் ஒவ்வொரு பிள்ளையும் கவனித்த விஷயம் இது. காரணம் சொன்னவர்கள் குறைவு.

மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் ஒரு நாள் கிள்ளானில் உச்சிப்பொழுதில் நட்டக்குச்சிக்கு நிழலே விழாது. தமிழ்நாட்டிலும் இதை நிழலில்லா நாள் என்று அறிவியல் ஆர்வலர்கள் பிள்ளைகளோடு கொண்டாடுகிறார்கள். இங்கே நிழல் மறையும் அதே நாளில், நாகூரில் இருக்கும் மாமன் மகன் தன் உச்சிப்பொழுதில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு அளந்தால் நிழல் பதினான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அது ஏறத்தாழ 7.8 பாகைச் சாய்வு. வரைபடத்தில் நாகூர் கிள்ளானைவிட எவ்வளவு வடக்கே என்று மட்டும் பார்த்தால் 865 கிலோமீட்டர் அளவில் வரும். 360ஐ 7.8ஆல் வகுத்து 865ஆல் பெருக்குங்கள். பூமியின் சுற்றளவு, ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர், உங்கள் மகளின் நோட்டுப் புத்தகத்தில் வந்துவிடும். அல் பிரூனி நந்தனா மலையில் வேறொரு வழியில் பூமியை அளந்தார். நம் பிள்ளைகளுக்குக் கடலின் இரு கரையிலும் சொந்தம் இருப்பதால் இந்த வழி. வாட்ஸ்அப்பில் பெருநாள் வாழ்த்து மட்டுமே போய்வரும் குடும்பங்களுக்கு, ஒரு நிழலின் அளவும் போய்வரட்டுமே.

இதற்கெல்லாம் பணம் அதிகம் வேண்டாம், ஆள் வேண்டும். மாதம் ஒருமுறை, பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் போகாமல், அதே பிள்ளைகளே திரும்ப வரும்படி. கல்லூரியில் படிக்கும் அண்ணன்மார், அக்காமார் இருவர் மூவர் பொறுப்பெடுத்தால் போதும். பெண் பிள்ளைகள் பின்வரிசையில் நின்று பார்க்கும் வழக்கம் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது பிள்ளைக்கு வந்த மொழியில் இருக்கலாம். பேசுவது தமிழில் இருக்கட்டும். பரிசு தருவதானால், சரியான விடைக்குத் தருவதைவிட நல்ல கேள்விக்குத் தரலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

தொடங்க நாளும் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வரும்: மே 28, ஜூலை 16. இங்கே கடிகாரத்தில் மே மாதம் மாலை 5.16 அளவில், ஜூலையில் 5.28 அளவில். அந்நேரம் சங்க வாசலில் நேராக நட்ட குச்சியின் நிழல் நுனியிலிருந்து அடியை நோக்கினால் அதுவே கிப்லா, வடக்கிலிருந்து கடிகார முள் சுற்றும் வழியில் ஏறத்தாழ 292 பாகை. ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளும், ஆகவே இடம் விசாலமாக வேண்டும். குச்சி செங்குத்தா என்று பார்க்க நூலில் கட்டிய ஒரு கல், கோடு போடச் சுண்ணாம்புக் கட்டி, சரியான கடிகாரம். ஒரு பாகை பிசகினால் மக்காவில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் விலகும் என்று முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் குச்சியை எவ்வளவு கவனமாகப் பிடிப்பார்கள் என்று பாருங்கள். அன்று மாலை மழைமேகம் மூடிக்கொண்டால் மறுநாள் அதே நேரத்தில் வரலாம். ஓரிரு நாள் முன்பின்னானாலும் நிழலின் திசை அரைப் பாகைக்கு மேல் மாறாது.